உள்ளே ஒன்றுமில்லாத வைரஸ்

"மகளுக்கு 12 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க ஊசி போடச் சொல்கிறார்கள். போட்டால் பிற்பாடு குழந்தை தங்காது என்கிறார்களே?" என்று கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார். தாராளமாகத் தங்கும். அந்த ஊசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பே இல்லை.

இந்த நோய்க்குக் காரணம் எச்பிவி வைரஸ். உடலுறவு வழியே தொற்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானாகப் போய்விடும். சிலருக்குத் தங்கிவிட்டால், 10, 20 ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறலாம். அதனால்தான் தொற்றுக்கு வாய்ப்பே வராத 9 முதல் 14 வயதுக்குள் ஊசி.

சரி, ஊசிக்குள் என்ன இருக்கிறது? வைரஸின் மேலோடு எல்1 என்ற புரதத்தால் ஆனது. அதற்கான மரபணுவை மட்டும் ஈஸ்ட் செல்லுக்குள் வைத்தால், ஈஸ்ட் அந்தப் புரதத்தைத் தயாரித்துத் தள்ளும். அப்புறம் நடப்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம். புரதங்கள் ஐந்தைந்தாகச் சேர்ந்து 72 கொத்துகளாகி, ஆக மொத்தம் 360 புரதங்களும் தாமாகவே ஓர் உருண்டையாகக் கூடிக்கொள்கின்றன. வெளித்தோற்றம் அச்சு அசல் வைரஸ். உள்ளே டிஎன்ஏ கிடையாது. முள்ளெல்லாம் சரியாக இருந்தும் சுளையோ கொட்டையோ இல்லாத பண்ருட்டிப் பலா! கொட்டையே இல்லாதபோது எது முளைக்கும்? 1991இல் இயான் ஃப்ரேசர், ஜியான் சோ என்ற விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இந்த வெற்று மேலோட்டை உருவாக்கிக் காட்டினார்கள்.

அசல் வைரஸ் கருப்பை வாயின் மேல்படலத்திலேயே பதுங்கிக் கிடக்கும், ரத்தத்துக்கு வராது. நம் எதிர்ப்புப் படையின் கண்ணில் சரியாகப் படாது. ஊசியோ நேரே தசைக்குள் போகிறது. ஒரே வடிவம் வரிசை பிசகாமல் திரும்பத் திரும்பத் தெரிந்ததும், அந்தப் படையின் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு, கிருமியைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி புரதங்களைக் கொட்டுகின்றன. தொற்று வந்து போனவர்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக!

2022இல் அனுமதி பெற்ற நம் நாட்டுத் தயாரிப்பு செர்வாவாக். மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் அதற்குக் கைகொடுத்தது. மக்கள் வரிப்பணம் சேர்ந்து உருவான ஊசி, அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் காசில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊசி போட்டவர்களும் பரிசோதனையை விடக்கூடாது. 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். உறவுக்குப் பிறகோ, மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால் எந்த வயதானாலும் "உடம்புச் சூடு" என்று மோர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.