ரீட் ஸ்விட்ச்: காந்த நாவாளி

1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த மேசைக் கால்குலேட்டர்கள் சிலவற்றைத் திறந்தால், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சிறு கண்ணாடிக் குழல் தென்படும். அதுதான் ரீட் ஸ்விட்ச்.

குழலுக்குள் நிக்கலும் இரும்பும் கலந்த இரண்டு மெல்லிய தகடுகள். அவற்றின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றாலும் தொடுவதில்லை, நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. பொத்தானை அழுத்தினால் அதன் தண்டில் உள்ள காந்தம் குழலை நெருங்கும். உடனே ஒரு முனை வடதுருவமாகவும் மற்றது தென்துருவமாகவும் மாறி, பட்டென்று ஒட்டிக்கொள்ளும். விரலை எடுத்தால் தகட்டின் விறைப்பே அவற்றைப் பிரித்துவிடும். தொடும் இடத்தில் தங்கம் அல்லது ரோடியம் பூச்சு, உள்ளே பெரும்பாலும் நைட்ரஜன். தூசியும் ஈரமும் அண்டாது என்பதால் நீண்ட நாள் உழைக்கும். விலைதான் அதிகம். கால்குலேட்டர் சட்டைப்பைக்குள் புகத் தொடங்கியதும் இந்தக் குழல்களுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

இதை உருவாக்கியவர் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட், ஆண்டு 1936. தொலைபேசி இணைப்பகங்களில்தான் முதலில் இதற்குப் பெரிய வேலை.

‘ரீட்’ என்றால் நாணல். நாணல் தட்டையைச் சீவி ஊதுகருவியில் வைத்ததால் அந்தத் துண்டுக்கும் அதே பெயர். பிறகு ஆர்மோனியத்தில் அதிரும் பித்தளைத் தகடும் ‘ரீடு’ ஆனது. ஒரு முனை இறுகப் பிடித்திருக்க மறுமுனை ஆடும் எந்தத் தகட்டுக்கும் பெயர் நிலைத்துவிட்டது. 1875இல் கிரகாம் பெல் தந்தியில் சோதித்துக்கொண்டிருந்த எஃகு ரீடுகளில் ஒன்று சிக்கிக்கொள்ள, அதை அவருடைய உதவியாளர் வாட்சன் சுண்டியபோது கம்பி வழியே கேட்ட ஒலிதான் தொலைபேசிக்கு வழிகாட்டியது. ஆகவே பெல்லின் பெயர் தாங்கிய ஆய்வகத்தில் இந்தச் சொல் புதிதல்ல.

சரி, தமிழில்? ‘நாணல் நிலைமாற்றி’ என்றால் ஆற்றங்கரைதான் நினைவுக்கு வரும். இங்கே தேவை செடி அல்ல, ஆடும் தகடு. அதற்கு ‘நா’ பொருந்தும். ஸ்விட்சுக்கு இலங்கைப் பாடநூல்களில் ‘ஆளி’ என்ற குறுஞ்சொல் இருக்கிறது (கோயில் தூணில் நிற்கும் ஆளி வேறு). இரண்டையும் சேர்த்து ‘நாவாளி’. காந்தத்தால் இயங்குவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘காந்த நாவாளி’. ‘நிலைமாற்றி’ தவறில்லை, ஆனால் பழுதுபார்க்கும் குறிப்பில் பத்து முறை எழுதக் கை வலிக்கும்.

பழைய கால்குலேட்டரில் ஒரு பொத்தான் செத்திருந்தால், மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, அதன் நாவாளியில் இணைத்து ஒரு சிறு காந்தத்தை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மீட்டர் கத்தினால் குழல் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ, ஒருவேளை பொத்தானின் தண்டிலோ ஸ்பிரிங்கிலோ இருக்கலாம். குழலையே மாற்ற நேர்ந்தால், கம்பியைக் கண்ணாடியை ஒட்டி வளைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.