ஹேயின்சாவின் ஜன்னல்கள்

ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், அளவுக்கு மீறி உலர்ந்தால் வெடிக்கும். மரப்பலகையின் குணம் அது. அப்படியிருந்தும், தென்கொரியாவின் ஹப்சொன் மாவட்டத்தில், காயா மலைச்சரிவிலுள்ள ஹேயின்சா என்ற பௌத்த மடத்தில் பௌத்த நூல்களை அச்சிடுவதற்காக எழுத்து செதுக்கிய 80,000-க்கும் மேற்பட்ட பலகைகள் 600 வருடங்களைத் தாண்டி நன்றாக இருக்கின்றன. ஏசி கிடையாது. ஜன்னலில் கண்ணாடிகூடக் கிடையாது!

1232-ல் மங்கோலியப் படையெடுப்பில் பழைய அச்சுப்பலகைகள் எரிந்துபோக, புத்தர் நாட்டைக் காப்பார் என்ற நம்பிக்கையில் அன்று கொரியாவை ஆண்ட கொர்யோ அரசு, பௌத்த மறைநூல் தொகுப்பான திரிபிடகம் முழுவதையும் மறுபடி செதுக்கியது. 1251-ல் வேலை முடிந்தது. அச்சுக்கானவை என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அதுவும் பலகையின் இரண்டு பக்கமும். நினைத்தாலே கை வலிக்கிறது.

சரி, இவற்றைக் காப்பது எது? 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த இரண்டு நீண்ட மரக்கட்டடங்கள்தான். சுவரைப் பாருங்கள்: முன்பக்கத்தில் கீழ் ஜன்னல் பெரியது, மேல் ஜன்னல் அதில் ஏறக்குறைய கால்வாசிதான். பின்பக்கத்தில் இது தலைகீழ், மேலே பெரிது, கீழே சிறிது. முன்னால் தாழ்வாக நுழையும் காற்று நேராக ஓடி வெளியேற வழியில்லாமல், அலமாரிகளுக்கு இடையே சுற்றி, மெல்ல மேலேறி, பின்பக்கத்து மேல் ஜன்னல் வழியாகப் போகிறது. அதனால் ஒரு மூலையிலும் காற்று தேங்குவதில்லை. தரையில் களிமண்ணோடு கரி, உப்பு, சுண்ணாம்பு, மணல் சேர்த்து இறுக்கியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சி, வறண்ட குளிர்காலத்தில் திருப்பித் தருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பலகையிலேயே உள்ள ஒரு சின்ன வேலை. இரண்டு முனைகளிலும் பலகையைவிடத் தடிமனான ஒரு கட்டையைப் பொருத்தி, மூலைகளில் உலோகத் தகடு அடித்திருக்கிறார்கள். பலகை வளையாமல் அது பிடித்துக்கொள்கிறது, தூக்கவும் வசதி. அப்புறம், பலகைகளைப் புத்தகம் போல நிறுத்தி அடுக்கும்போது கட்டையோடு கட்டைதான் முட்டும், எழுத்தோடு எழுத்து உரசாது. நடுவில் விழும் அந்த ஒடுங்கிய இடைவெளி புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. காற்று அதன் வழியே மேலேறிப் பலகையின் இரு முகங்களையும் உலர்த்திவிட்டுப் போகிறது.

1970-களில், பாதுகாப்பு போதாது என்று நினைத்து, கான்கிரீட்டில் ஒரு நவீன காப்பறை கட்டினார்கள். சோதனைக்காகச் சில பலகைகளைத்தான் அங்கே வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. பலகைகள் பழைய ஜன்னல்களுக்கே திரும்பின.