இழுவழி: ஒரு சொல் விளக்கம்

'டோபாத்' என்னும் ஆங்கிலச் சொல், கால்வாயில் செல்லும் படகைக் கயிறு கட்டி இழுக்கும் விலங்குகளோ ஆட்களோ நடப்பதற்கென்று கரையை ஒட்டி அமைக்கப்பட்ட வழியைக் குறிக்கும். இதைத் தமிழில் 'நடைபாதை' என்றோ 'கரையோரப் பாதை' என்றோ எழுதிவிடுவது எளிது. ஆனால் நடைபாதை எந்தத் தெருவிலும் உண்டு, கரையோரப் பாதை எந்த ஏரிக்கும் உண்டு. இழுப்பதற்காகவே போடப்பட்ட பாதை என்ற செய்தி இந்த இரண்டு சொற்களிலும் விடுபட்டுப் போகிறது. அந்தச் செய்திதான் இச்சொல்லின் உயிர் என்பதால், பொருளையும் வேரையும் பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும்.

ஆங்கிலச் சொல் இரு பகுதிகளால் ஆனது. 'டோ' என்பது பழைய ஆங்கிலத்தில் இழுத்தலைக் குறித்த 'டோகியன்' என்னும் வினையிலிருந்து வந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியை 'டோ பண்ணிட்டாங்க' என்று சென்னையில் சொல்கிறோமே, அதே வினைதான். 'பாத்' என்பதும் பழைய ஆங்கிலச் சொல்லே. நடந்து நடந்து உண்டான வழி என்பது அதன் பொருள். பிற ஐரோப்பிய மொழிகளும் தமக்கென்று சொற்கள் வைத்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இழுப்பின் வழி என்ற பொருளில் 'ஷெமன் து ஆலாஜ்' என்கிறார்கள். ஜெர்மானியரின் 'லைன்ஃபாட்' என்னும் சொல்லிலும் ஸ்பானியரின் 'கமீனோ தே சிர்கா' என்னும் தொடரிலும் கயிறு முன்னே நிற்கிறது. இழுப்பைச் சொல்லியோ கயிற்றைச் சொல்லியோ பெயர் வைத்தார்களே தவிர, வெறுமனே கரையைச் சொல்லி இவர்கள் யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை.

இந்தச் சொல்லுக்கு இன்று உலகறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவில் பொடோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் செசபீக் – ஒஹாயோ கால்வாய். 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்த இக்கால்வாய், வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து வரை 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஒஹாயோ ஆறு வரை கொண்டுபோவதே திட்டம் என்றாலும், 1850இல் கம்பர்லாந்தை எட்டியதோடு வேலை நின்றது. கால்வாய் தொடங்கிய அதே நாளில் பால்டிமோரில் தொடங்கிய இரயில் பாதை எட்டு ஆண்டு முன்னதாகவே கம்பர்லாந்தை அடைந்துவிட்டிருந்தது. இரு முனைகளுக்கும் இடையிலான 605 அடி உயர வேறுபாட்டைப் படகுகள் கடப்பதற்காக, இரு பக்கமும் கதவுள்ள நீர்த்தொட்டிகள் 74 கட்டப்பட்டன. படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்து, நீரை நிரப்பி மேலே ஏற்றுவார்கள், அல்லது வடித்துக் கீழே இறக்குவார்கள். இவற்றை 'லாக்' என்பார்கள்.

நிலக்கரி ஏற்றிய படகு ஒன்று 100 டன்னுக்கு மேல் சுமந்து வந்தது. அதைச் சில கோவேறு கழுதைகளே இழுத்தன என்பது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றலாம். ஓட்டமில்லாத நீரில் மெதுவாக நகரும் படகுக்குத் தடை மிகக் குறைவு. வண்டியில் ஏற்றினால் அதே கழுதைகளால் அந்தச் சுமையில் சிறு பங்கை மட்டுமே இழுக்க முடியும். கரை மட்டமாகவும் தடையின்றியும் இருந்தால்தான் கயிறு இடறாமல் இழுபடும் என்பதால், இந்த வழி ஏதோ தானாக விழுந்த ஒற்றையடிப் பாதை அன்று. கால்வாயோடு சேர்த்துத் திட்டமிட்டுக் கட்டிய உறுப்பு. இங்கே அது பெரும்பாலும் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் அமைந்திருக்கிறது. எதிரெதிரே இரு படகுகள் சந்தித்தால், ஒன்று மறுகரைப் பக்கம் ஒதுங்கித் தன் கயிற்றைத் தளரவிடும். நீரில் அமிழ்ந்த அந்தக் கயிற்றின்மேல் மற்றப் படகு கடந்து போகும். ஒரு குழு கழுதைகள் இழுக்கும்போது இன்னொரு குழு படகின் முன்பகுதியில் உள்ள கொட்டிலிலேயே இளைப்பாறும். கழுதைகளோடு நடந்தவர்களில் படகுக்காரர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த வழியின் பெருமையைப் பேசும்போது அந்தச் சிறுவர் உழைப்பை மறப்பது சரியாகாது. மலையைக் குடைந்து 3,118 அடி நீளத்துக்கு அமைத்த பாபா சுரங்கத்துக்குள்ளும் இந்த வழி தொடர்கிறது. அங்குள்ள கைப்பிடிக் கட்டைகளில் கயிறு உராய்ந்து உண்டான தடங்களை இன்றும் காணலாம்.

1924இல் வந்த வெள்ளத்துக்குப் பின் படகுப் போக்குவரத்து நின்றது. 1938இல் அமெரிக்க அரசு கால்வாயை விலைக்கு வாங்கியது. 1950களில் இதன் தடத்தில் மோட்டார் சாலை போடும் திட்டம் எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அத்திட்டத்தை ஆதரித்துத் தலையங்கம் எழுதிய வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஆசிரியர்களைத் தம்முடன் முழு நீளமும் நடந்து பார்க்க வருமாறு அழைத்தார். 1954 மார்ச்சில் நடந்த அந்த நடைப்பயணம் மக்களின் கவனத்தை ஈர்த்தது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இப்போது அங்கே நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும்தான் மிகுதி. இழுக்க யாரும் இல்லாத போதும் ஆங்கிலம் பழைய பெயரை மாற்றவில்லை, மாற்றாததே சரி. பழைய தொழிலை நினைவூட்டும் பெயரும் அங்கே காக்கப்பட்ட மரபின் ஒரு பகுதி.

இனித் தமிழ்ச் சொல். 'இழுவைப் பாதை' என்பது முதலில் நினைவுக்கு வரும். இழுவை என்ற பெயர்ச்சொல் டிராக்டரையும் இயந்திர இழுவிசையையும் குறிக்கப் பழகிவிட்டதால், அது கம்பிவடத்தில் பெட்டி இழுக்கும் தடம் போல ஒலிக்கிறது. 'இழுபாதை' என்று சுருக்கினால் வேறொரு சிக்கல் உண்டு. ஈழத்தில் 'பாதை' என்பது வழியை மட்டுமன்றி, கடல்நீரேரியில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையையும் குறிக்கும்; ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடுவது அப்படிப்பட்ட பாதைதான். அங்குள்ள வாசகர் 'இழுபாதை' என்பதை இழுத்துச் செல்லப்படும் மிதவை என்றே கொள்ளக்கூடும். ஆகவே 'இழுவழி' என்பதே பொருந்தும். சுடுகாடு, உறைவிடம் போல வினைப்பகுதியும் இடப்பெயரும் சேர்ந்த வினைத்தொகை அது. முன்பு இழுத்த வழி, இன்று இழுக்கும் வழி, நாளை இழுக்கப்போகும் வழி என மூன்று காலமும் அதில் அடங்குவதால், படகுகள் நின்றுபோன கால்வாய்க்கும் தயக்கமின்றி வழங்கலாம்.

இச்சொல் நமக்கு வெறும் மொழிபெயர்ப்புத் தேவையும் அன்று. சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 1806இல் தொடங்கி, பின்பு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1870களின் பெரும் பஞ்சத்தை அடுத்து ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்றான நீர்வழியிலும், காற்று வாய்க்காத போது கரையில் நடந்த ஆட்களே தோணிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். அந்தக் கரையைப் பற்றி எழுதும்போதும் இழுவழி என்று எழுதலாம்.

ஒரு கட்டுரையில் முதல் முறை வரும்போது 'படகிழுவழி' என்று விரித்து எழுதி, அடுத்து வருமிடங்களில் 'இழுவழி' என்று சுருக்கினால் புதிய வாசகருக்கும் விளங்கும். இழுப்பு நடக்காத எதிர்ப்பக்கக் கரையை 'மறுகரை' என்றால் போதும். படகு செல்லாத பாசன வாய்க்காலின் கரைமீது போகும் வழிக்கு இச்சொல்லை நீட்டக் கூடாது; அதற்கு 'வாய்க்கால் வரப்பு' என்ற பழகிய சொல் இருக்கிறது.