அந்த அலமாரியின் பூட்டைக் கழற்றுங்கள்

போன வாரம் ஒரு பள்ளியில், ஐந்தாம் வகுப்பு அறையில் நின்றுகொண்டிருந்தேன். மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே நூறு கதைப் புத்தகங்களாவது இருக்கும், எண் ஒட்டி வரிசையாக. கதவில் பூட்டு. சாவி அலுவலக அறையில். வரவழைத்துத் திறந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தால், அச்சகத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பிரிகின்றன. வாங்கி இரண்டு வருடம் ஆயிற்றாம். இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது பூட்டு இது.

காரணம் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "கொடுத்தால் கிழித்துவிடுவார்கள்."

கிழியும்தான். படிக்கிற புத்தகம் கிழியும். இருபது கை மாறிய புத்தகம் புதுசு போல இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. இருபது வருடமாக வகுப்பு நூலகம் நடத்துகிறேன். ஆண்டு முடிவில் அட்டை நைந்த புத்தகங்களைத்தான் முதலில் எண்ணுவேன். அடுத்த முறை எதை வாங்கலாம் என்று அவைதான் சொல்லும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அங்கேகூட பக்கத்தில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. நம் அலமாரியில் அதுவும் முடியாது.

அப்புறம், புத்தகத்தைத் தொட்டே பழகாத பிள்ளைக்கு அதைக் கையாள எப்படித் தெரியும்? முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். அடுக்கிலிருந்து எடுக்கும்போது புத்தக முதுகின், அதாவது தைத்த விளிம்பின், மேல்நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் இருபுறமும் இருக்கும் புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

தொலைந்தால் தணிக்கையில் கேட்பார்களே என்ற பயம் நியாயமானது. தொலைந்தது, நைந்தது எல்லாவற்றையும் பருவத்துக்கு ஒருமுறை எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிள்ளையிடம் மட்டும் அபராதம் கேட்காதீர்கள், தயவுசெய்து. ஒருமுறை காசு கட்டிய பிள்ளை அப்புறம் அலமாரிப் பக்கமே வராது.

எல்லாப் புத்தகத்தையும் முதுகு தெரிய அடுக்காமல், பத்துப் புத்தகத்தையாவது முன்னட்டை தெரிய வையுங்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தையும் மாற்றுங்கள். யாரோ கழித்துப்போட்ட பழைய வழிகாட்டி நூல்களை எண்ணிக்கைக்காக அடுக்காதீர்கள். நல்ல புத்தகங்கள் அவற்றுக்கு நடுவே மறைந்துபோகும். இரவல் நோட்டைப் பிள்ளைகளிடமே விடுங்கள், பெயர், புத்தகம், தேதி போதும்.

எந்தப் புத்தகம் யாருக்கு என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் தனியாகப் படிக்கக் கொஞ்சம் கடினம். அப்போதும் பிடுங்க வேண்டாம், யாரோடாவது சேர்ந்து படிக்கட்டும். படித்து முடித்ததும் சுருக்கம் எழுதச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வீட்டுப்பாடமாகிப்போன கதையை யார் விரும்பிப் படிப்பார்கள்?

பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் வேண்டாம். மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும். அதை ஒட்டுகிற வேலையையும் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.