எஸ்.டபிள்யூ.ஆர். – நிலையலைத் தகவு

புது ஆன்டெனா வாங்கிய ஹாம் ரேடியோக்காரர்களிடம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களிடம், அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "எஸ்.டபிள்யூ.ஆர். மூணுக்கு மேல காட்டுது, பீஸே டிஃபெக்ட் போல." ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண் அது; 1 என்றால் முழுப் பொருத்தம். சில சமயம் அந்தப் புகார் உண்மை. பல சமயம் ஆன்டெனாவில் ஒரு குறையும் இருக்காது, அந்த எண்ணைப் படித்த விதத்தில்தான் குறை. இதைவிட மோசமானது இதற்கு நேர் எதிரான கதை: 1.2 காட்டுகிறதே என்று சந்தோஷப்பட்டு, உள்ளே சரியாகச் சால்டர்கூட வைக்காத சரக்கை மொட்டை மாடியில் ஏற்றிக் கட்டிவிடுவது.

எஸ்.டபிள்யூ.ஆர். என்பதன் விரிவு ஸ்டாண்டிங் வேவ் ரேஷியோ. இதில் 'ஸ்டாண்டிங் வேவ்' என்ற பகுதி ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. 1860 வாக்கில் ஃபிரான்ஸ் மெல்டே என்ற இயற்பியலாளர் அதிரும் நூல்களை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, ஓடாமல் ஒரே இடத்தில் நின்று ஆடுவதுபோலத் தெரிந்த அலைக்கு 'ஷ்டேஹெண்டே வெல்லே' என்று பெயர் வைத்தார். நிற்கும் அலை என்று பொருள். ரேடியோவுக்கும் அதற்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. 1888-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் ஒரு துத்தநாகத் தகட்டில் மின்காந்த அலையை மோதித் திருப்பி, அதே நிற்கும் அலையை அறைக்குள் உண்டாக்கி அலைநீளத்தை அளந்தார். அடுத்து ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் லெஷர் இரண்டு கம்பிகளை இணையாக இழுத்துக் கட்டி அலைநீளத்தை அளந்தார். ஒளிரும் குழாய் ஒன்றை அப்படிப்பட்ட கம்பிகளின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், சில இடங்களில் விளக்கு பளிச்சென்று எரியும், சில இடங்களில் அணைந்துபோகும். அலை நிற்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நம் கேபிளுக்குள் நடப்பதும் அதுதான். ரிக்கிலிருந்து, அதாவது ரேடியோ கருவியிலிருந்து, புறப்படும் அலை ஆன்டெனாவை அடையும்போது, அங்கே மின்னெதிர்ப்பு, அதாவது இம்பீடன்ஸ், கேபிளின் 50 ஓமுக்குப் பொருந்தவில்லை என்றால் ஒரு பங்கு திரும்பி வருகிறது. போகும் அலையும் வரும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் கேபிளின் நீளத்தில் சில இடங்களில் மின்னழுத்தம் ஏறியும் சில இடங்களில் இறங்கியும் நிற்கும். உச்ச அழுத்தத்தைக் குறைந்தபட்ச அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் இந்தத் தகவு. சிலர் முன்னால் ஒரு 'வி' சேர்த்து வி.எஸ்.டபிள்யூ.ஆர். என்று எழுதுவது, அளப்பது மின்னழுத்தம் என்பதற்காக. இரண்டும் ஒன்றே.

தமிழுக்கு வருவோம். பள்ளி இயற்பியல் பாடநூலில் இந்த அலைக்கு 'நிலை அலை' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அழுத்தம் குறைந்த புள்ளி கணு, கூடிய புள்ளி எதிர்க்கணு. கரும்பிலும் மூங்கிலிலும் இருக்கும் அதே கணுதான், அருமையான சொல். ரேஷியோவுக்கு 'விகிதம்' எல்லோருக்கும் தெரியும், ஆகவே 'நிலையலை விகிதம்' என்றால் யாருக்கும் புரியும், தவறும் இல்லை. எனக்குப் பிடித்தது 'தகவு'. தகு என்ற வேரிலிருந்து வருவது, ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு தக்கதாக இருக்கிறது என்பது. "தக்கார் தகவிலர்" என்று குறளில் நடுவு நிலைமை பேசும் இடத்தில் வரும் அதே சொல். ஆன்டெனாவும் கேபிளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் எண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 'நிற்கும் அலை வீதம்' என்று சிலர் எழுதுவதைத்தான் தவிர்க்கவேண்டும். இயற்பியலில் வீதம் என்றால் பெரும்பாலும் இத்தனை நேரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு, இங்கே நேரமே இல்லை.

எண்களைப் பார்த்தால் பயம் பாதி குறையும். தகவு 1.5 என்றால் அனுப்பும் சக்தியில் திரும்பி வருவது 4 சதவீதம்தான். 2 என்றால் சுமார் 11, 3 என்றால் 25. ஆக 1.5-ஐ 1.1 ஆக்குவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையே மாடியில் வெயிலில் தொலைப்பது வீண் வேலை.

சரி, புது ஆன்டெனா கெட்டதா என்று இந்த எண் சொல்லுமா? ஓரளவுக்குத்தான். டம்மி லோட் எனப்படும் 50 ஓம் போலிச் சுமையை மாட்டினால் தகவு அழகாக 1 காட்டும், காற்றில் ஒன்றும் போகாது. கேபிளும் இதேபோல ஏமாற்றும். மலிவான ஆர்.ஜி. 58 கேபிள் 30 மீட்டர் இருந்தால் 2 மீட்டர் அலைநீளப் பட்டையில் சுமார் 6 டெசிபெல், அதாவது சக்தியில் முக்கால் பங்கை, விழுங்கிவிடும். மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாமல் அந்தரத்தில் விட்டாலும், போகும்போது 6, வரும்போது 6 என்று இழந்து, ரிக் பக்கத்தில் 1.7 போலக் காட்டும். எனவே புதுச் சரக்கைச் சோதிப்பதென்றால் குட்டைக் கேபிள் போட்டு ஆன்டெனாவின் காலடியிலேயே அளக்கவேண்டும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே பீப் அடித்தால் ஷார்ட் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஜே-போல், மடித்த டைபோல், ஓர்முனை அரையலைக் கம்பியின் டிரான்ஸ்ஃபார்மர் போன்ற ஆன்டெனா வகைகளில் நேர்மின்னோட்டத்துக்கு அது ஷார்ட்டாகத்தான் இருக்கும், வடிவமைப்பே அப்படி. வாக்கி-டாக்கியின் ரப்பர் ஆன்டெனாவைத் தனியே நானோ வி.என்.ஏ. என்ற சின்ன ஆன்டெனா அளவுக் கருவியில் மாட்டினாலும் அளவு கன்னாபின்னா என்று வரும், ஏனென்றால் அதற்கு ரிக்கின் உடலும் பிடித்திருக்கும் கையும்தான் மறுபாதி.

வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்ததை இங்கே வாங்கினாலும் இதே புகார் எழும். 70 சென்டிமீட்டர் பட்டையில் அமெரிக்கர்களுக்கு 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ் வரை இடம், நமக்கு 434 முதல் 438 வரைதான். 446-க்கு இசைத்த யாகி ஆன்டெனா இங்கே ஏறக்குறைய எதைக் காட்டினாலும் அதைத் தரக்குறைவு என்று சொல்லமுடியாது.

உண்மையான தரக்குறைவு வேறு மாதிரி வெளிப்படும். பி.எல். 259 கனெக்டரின் நடு ஊசியில் டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத சால்டர், இருந்தால், கேபிளை லேசாக ஆட்டும்போதே மீட்டர் முள் துள்ளும். இணைப்புத் திருகு தளர்ந்திருந்தால் காற்று அடிக்கும்போது மட்டும் எண் மாறும். மழைக்கு அடுத்த நாள் மட்டும் ஏறினால் சீல் சரியில்லை, தண்ணீர் இறங்கியிருக்கிறது. எல்லாவற்றிலும் மறைவானது டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் வளையம். சின்னதாகவோ தப்பான கலவையிலோ போட்டிருந்தாலும் வி.என்.ஏ.வில் பிரமாதமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கருவி அனுப்புவது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. 100 வாட் கொடுத்துச் சில நிமிடம் பேசினால் வளையம் சூடாகி எண் ஏறத் தொடங்கும். கூடவே இருக்கும் மின்தேக்கி போதிய அழுத்தம் தாங்காத ரகமாக இருந்தால் அதுவும் போய்விடும், அப்புறம் எண் இறங்காது.

விற்றவருக்குப் புகார் எழுதும்போது "எஸ்.டபிள்யூ.ஆர். சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது, வந்தாலும் "கேபிளைப் பாருங்க சார்" என்றுதான் வரும். இப்படி எழுதலாம்: "1 மீட்டர் கேபிளில், 7.1 மெகாஹெர்ட்ஸில் நிலையலைத் தகவு 1.4. 50 வாட்டில் ஐந்து நிமிடம் ஒலிபரப்பியபின் 2.6. ஆறியபின் மறுபடியும் 1.4."