வாசலில் நிற்கும் தண்டலும் வாசலுக்கு வராத மதிப்பெண்ணும்

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணொருவர் 10,000 ரூபாய்த் தண்டல் (நாள்தோறும் வசூலிக்கும் தனியார் கடன்) வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைப்பது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் கரைந்துகொண்டு வருவதால், சராசரியாக அவரிடம் இருக்கும் பணம் வாங்கியதில் பாதியைச் சற்றே தாண்டும். அதுவும் மூன்று மாதச் சொச்சத்துக்குத்தான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. (கந்துவட்டிக்கு எதிரான 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.) இவ்வளவு கடுமையான கடனை ஒரு நாள் பிசகாமல் அடைத்தாலும், வண்ணாரப்பேட்டையில் உள்ள வங்கிக் கிளையின் கணினிக்கு அது தெரியவே தெரியாது. மகனுக்கு வாங்கிய கைப்பேசியின் 1,200 ரூபாய்த் தவணை இரண்டு மாதம் தவறினால் மட்டும் தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம், தகவல் எந்த வழியாகப் போகிறது என்பதில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் கடன் தகவலைச் சேமிக்கின்றன. வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் ஒவ்வொரு கணக்கின் நிலையையும் இவற்றுக்கு அனுப்புகின்றன. மாதம் ஒருமுறை என்றிருந்த இந்த அனுப்பல், 2025 ஜனவரியில் 15 நாளுக்கு ஒருமுறை ஆனது. தண்டல்காரரின் நோட்டுக்கும் தெருவில் பிடிக்கும் ஏலச்சீட்டுக்கும் அந்தப் பாதையில் இடமில்லை.

சேர்ந்த தகவலிலிருந்து 300 முதல் 900 வரையிலான ஓர் எண் கணக்கிடப்படுகிறது. அதுதான் கடன் மதிப்பெண். இது நாணயத்துக்குத் தரும் சான்றிதழ் அன்று, வெறும் முன்கணிப்பு. கடந்த காலத்தில் உங்களைப் போலவே கடன் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் பின்னர் பெரிய அளவில் தவணை தவறினார்கள் என்பதைப் புள்ளியியல் முறையில் பார்த்து, உங்களுக்கும் அந்த வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் 36 மாதம் வரையிலான கட்டங்கள் இருக்கும். அந்தந்த மாதத்தில் பணம் எத்தனை நாள் தாமதமானது என்பது அவற்றில் எழுதப்பட்டிருக்கும். 90 நாளைத் தாண்டினால் வங்கி அந்தக் கடனை வாராக்கடன் வரிசையில் சேர்த்துவிடும். கடன் அட்டையின் வரம்பு 50,000 ரூபாயாக இருந்து 45,000 எப்போதும் நிலுவையில் நின்றால், தவணை தவறாவிட்டாலும் மதிப்பெண் இறங்கும். வரம்பைத் தொட்டுக்கொண்டே இருப்பவர்கள் பிறகு தடுமாறுவது அதிகம் என்பதே அதன் தர்க்கம்.

நெருக்கடி வரும்போது குடும்பங்கள் எடுக்கும் முடிவு இந்தக் கணக்குக்கு நேர் எதிரானது. மாலையில் வாசலில் வந்து நிற்பவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறோம். முகமில்லாத வங்கித் தவணையைத் தள்ளிப்போடுகிறோம். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் தெருவில் மானம் போவது இன்றைக்கு, மதிப்பெண் போவது என்றைக்கோ. என்றாலும் நீண்ட நினைவு உள்ளவர் வாசலுக்கு வராதவர்தான். வீட்டில் நகை இருந்தால், வங்கியில் நகைக்கடன் வாங்கித் தண்டலையும் கடன் அட்டை நிலுவையையும் ஒருசேர அடைப்பது வட்டிக் கணக்கில் பெரும்பாலும் லாபமே. நகையை மீட்க வருமானம் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால், மாதம் 3.5 சதவீத வட்டியில் 50,000 ரூபாய்க்கு 1,750 ரூபாயும், அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஏறும். 2,500 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 435 ரூபாய்தான்.

கெட்டுப்போன மதிப்பெண்ணைச் சரிசெய்ய முதல் வேலை அறிக்கையைப் படிப்பது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் நம் பெயரில்தான் நிற்கும். பிழை இருந்து புகார் செய்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் வாங்கிக்கொண்டு சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன் என்பவரால் உண்மையான பதிவு எதையும் அழிக்க முடியாது.

பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வசூல் முகவர் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படி முடித்த கணக்கு ‘குளோஸ்டு’ (முழுதும் அடைத்தது) என்று பதிவாகாது, ‘செட்டில்டு’ (குறைத்து முடித்தது) என்றே பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது அந்தச் சொல்லே தடையாகும். வேறு வழியின்றி அப்படி முடித்தவர்கள், பின்னர் மீதியைக் கட்டி, தடையில்லாச் சான்று பெற்று, பதிவை மாற்றும்படி கேட்கலாம். அதன்பின் மதிப்பெண் ஏறுவது மாதக் கணக்கில்தான்: ஒழுங்காகக் கட்டிய ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய கட்டத்தை நிரப்பி, பழையதொன்றை அந்த 36 கட்ட வரிசையின் கடைசியை நோக்கித் தள்ளிக்கொண்டே போகிறது.