ரெப்பாசிட்டரி: களஞ்சியமா, வைப்பகமா?

லத்தீனில் 'ரெபோனெரே' என்றால் எடுத்து வைத்தல். அதிலிருந்து பிறந்த 'ரெபோசிட்டோரியம்', ரோமானியர் விருந்துகளில் பதார்த்தங்களை அடுக்கிக் கொண்டுவரும் பெரிய தட்டுக்கும் பெயராக இருந்தது. ஆங்கிலத்துக்குப் போனதும் பொருள்களைப் பத்திரப்படுத்தும் இடம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளைச் சேர்த்து இணையத்தில் திறந்துவைக்கும் தளம் என்ற பொருள் நேற்று வந்தது. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஈபிரின்ட்ஸ், 2002இல் எம்.ஐ.டி.யும் ஹெச்.பி.யும் வெளியிட்ட டிஸ்பேஸ் ஆகிய மென்பொருள்களோடு அது பரவியது.

தமிழில் களஞ்சியம் என்றே நிலைத்துவிட்டது. நெல் சேர்க்கும் இடத்தின் பெயர், கலைக்களஞ்சியம் வழியாக ஏற்கெனவே அறிவுக்கும் பழகிப்போன சொல். வைப்பகம் என்பாரும் உண்டு. காதில் வங்கி வாடை அடிக்கிறது. லத்தீனுக்கு அச்சாகப் பொருந்துவது குறளில் (226) இருக்கிறது: 'பொருள்வைப்புழி', அதாவது பொருளை வைக்கும் இடம். ஆனால் இன்று யார் வாயில் வைப்புழி நுழையும்?

பல்கலைக்கழகத்தின் தளத்தை ஆங்கிலத்தில் 'இன்ஸ்டிடியூஷனல் ரெப்பாசிட்டரி' என்பார்கள். அதை 'நிறுவனக் களஞ்சியம்' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நிறுவனம் என்றால் நம் காதுக்குக் கம்பெனி. 'பல்கலைக்கழக ஆய்வுக் களஞ்சியம்' நீளம்தான், ஆனாலும் குழப்பாது.

குழப்பம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே ஏராளம். களஞ்சியம் என்றதும் நம் விரிவுரையாளர்கள் பலருக்கு நினைவு வருவது சோத்கங்கா. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கிய பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிமுறையை ஒட்டி, அதன் கீழ் காந்திநகரில் இயங்கும் நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிளிப்நெட் நடத்தும் தளம் அது. தலைப்புப் பக்கம், சான்றிதழ், இயல்கள் என்று ஆய்வேடு தனித்தனி பிடிஎஃப்பாகக் கிடக்கும். நாடு முழுமைக்குமான ஆய்வேட்டுக் களஞ்சியம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரியது அல்ல. பட்டம் வாங்கிய பிறகு எழுதும் கட்டுரைகளுக்கு அங்கே இடமில்லை. ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ளும் ரிசர்ச்கேட்டில் ஏற்றினால் போதாதா என்பார்கள். அது ஒரு தனியார் கம்பெனியின் தளம். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் பொறுப்பு நூலகத்துடையது, கட்டுரைக்கு மாறாத இணைப்பும் கிடைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் தமிழ்க் கட்டுரைகளும் இருக்கின்றன.

சரி, இதழில் வந்த கட்டுரையைக் களஞ்சியத்திலும் போட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வராதா? இங்கே இன்னொரு சொல் தேவை: 'ஏற்கப்பட்ட படி'. மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து முடித்த, ஆனால் பதிப்பகம் இன்னும் பக்கம் அமைக்காத வேர்டு கோப்பு. இதழில் வந்த பிடிஎஃப்பைப் போட விடாத பதிப்பகங்கள் பல, இந்தப் படியைச் சில மாதங்கள் கழித்துப் போட அனுமதிக்கின்றன. என்ன, கட்டுரை அச்சேறியதும் நாம் அந்தக் கோப்பைத்தான் முதலில் அழித்துவிடுகிறோம்.